டயாலிசிஸ் தொடங்கப் போகிறவர்களுக்கு: டெல்டாவிலிருந்து ஒரு வீட்டுக் குறிப்பு

"ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு" என்றுதான் எங்கள் பக்கம் முதலில் சொல்வார்கள். வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலும், என் கணவருக்கு 38 வயதில் அப்படித்தான் சொன்னார்கள். சிறுநீரகம் பழுதாகி, யூரியா, கிரியேட்டினின் என்ற கழிவுகள் ரத்தத்தில் கூடியிருப்பதைத்தான் அந்த 'உப்பு' குறிக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. சமையல் உப்பை நிறுத்திவிட்டு இந்துப்பு வாங்கிப் போட்டு ஆறு மாதத்தை ஓட்டினோம். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சிறுநீரகத்துக்கு அதில் எந்தச் சலுகையும் கிடையாது.

அவர் மூன்று வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். பிறகு என் மாமியாரின் சிறுநீரகத்தை அவருக்கு வைத்தார்கள். இப்போது யாராவது போன் செய்து "டயாலிசிஸ்னு சொல்லிட்டாங்க, என்ன செய்யறது" என்று அழுதால், நான் மூன்று வேலைகளைச் சொல்வேன்: கை, கார்டு, கொடுப்பவர். மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடுங்கள். ஒன்று முடியட்டும், அப்புறம் அடுத்தது என்று காத்திருந்துதான் நாங்கள் ஒரு வருடத்தைத் தொலைத்தோம்.

முதலில் கை

டயாலிசிஸ் மிஷினில் நிமிடத்துக்கு 200 முதல் 300 மில்லி ரத்தம் வெளியே வந்து, மயிரிழை மாதிரி நார்கள் நிறைந்த டயலைசருக்குள் ஓடி, சுத்தமாகித் திரும்ப உடம்புக்குள் போகவேண்டும். சாதாரணக் கை நரம்பில் அவ்வளவு ஓட்டம் கிடைக்காது. அதனால் மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைக்கிறார்கள். இதுதான் ஃபிஸ்டுலா. சின்ன ஆபரேஷன்தான், பெரும்பாலும் கையை மட்டும் மரக்க வைத்துச் செய்வார்கள். ஆனால் அந்த நரம்பு ஊசி தாங்கும் அளவுக்குத் தடிக்க 6 முதல் 8 வாரம் ஆகும். சிலருக்கு 3 மாதமும் ஆகலாம். அதுவரை கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் நடக்கும். அந்தக் குழாய் வழியாகக் கிருமி நேராக ரத்தத்துக்குள் போய்விடக்கூடும் என்பதால், அதில் எத்தனை நாள் குறைகிறதோ அத்தனை நல்லது.

டாக்டர் "இன்னும் கொஞ்ச நாளில் டயாலிசிஸ் தேவைப்படும்" என்று சொல்லும்போதே ஃபிஸ்டுலாவைப் பற்றிக் கேளுங்கள். "ஆபரேஷன் செய்தால் டயாலிசிஸை நாமே கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்" என்று எங்கள் வீட்டில் தள்ளிப்போட்டோம். அது பெரிய தவறு.

நீங்கள் எழுதாத, அதிகம் வேலை செய்யாத கையை இன்றே ஒதுக்கிவிடுங்கள். அந்தக் கையில் டிரிப்ஸ் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். என் கணவருக்கு ஒரு காய்ச்சலின்போது ஒரு மருத்துவமனையில் இடது கையில் ஒரு வாரம் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீரகக் கோளாறு என்று நாங்கள் சொல்லியும் யாரும் அந்தக் கையைப் பற்றி நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. பிறகு ஃபிஸ்டுலாவுக்குப் போனபோது அந்த நரம்பு காய்ந்த கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. முதல் ஆபரேஷன் தோற்றுப்போய், மறுபடி முழங்கைக்கு மேலே செய்தார்கள். நடுவில் நான்கு மாதம் கழுத்துக் குழாய், இரண்டு முறை குளிர்காய்ச்சல். ஆகவே எந்த நர்ஸ் ஊசியோடு வந்தாலும் "இந்தக் கை வேண்டாம், மறு கையில் புறங்கையில் எடுங்கள்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

ஃபிஸ்டுலா போட்ட பிறகு, தையல் ஆறியதும் டாக்டர் சொல்லும் நாளிலிருந்து பந்தை அழுத்திப் பழகவேண்டும். தினமும் காலையும் இரவும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஓடுகிற தையல் மிஷினின் பலகையில் கை வைத்தால் வருமே, அப்படி ஒரு அதிர்வு தெரியும். கரண்ட் போன ராத்திரிகளில் நான் எழுந்து, டார்ச் கூட அடிக்காமல், அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பேன். அந்த அதிர்வு நின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பைச் சில மணி நேரத்துக்குள் பார்த்தால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

அந்தக் கையில் வாட்ச், இறுக்கமான வளையல், பிபி பட்டை எதுவும் ஆகாது. அதன்மேல் தலை வைத்துத் தூங்கக் கூடாது. தண்ணீர்க் குடம், நெல் மூட்டை தூக்கக் கூடாது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் வந்தால், சுத்தமான துணியை வைத்து அந்தப் புள்ளியில் விரலால் விடாமல் அழுத்தி, கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

கழுத்தில் குழாய் இருக்கும்வரை அந்தக் கட்டு நனையக் கூடாது. ஆடிப்பெருக்கு வந்தாலும் ஆற்றில் முழுக்கு இல்லை. குளிரோடு நடுக்கம் வந்தால் வீட்டில் காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுக்காமல், அன்றைக்கே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போங்கள்.

கார்டு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் உண்டு, சிறுநீரக மாற்று ஆபரேஷனும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகவேண்டும். அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இந்தக் கார்டு செல்லும். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

கார்டு கையில் இருந்தும் நிறையப் பேர் முதல் மாதம் முழுக்கக் காசு கட்டுகிறார்கள், யாரும் கேட்கவில்லை என்பதால். சேரும்போதே காப்பீட்டுப் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், கும்பகோணம், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை மாதிரி ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் நடக்கிறது. பெரிய ஊர் என்று பார்க்காமல் பஸ்ஸைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் மூன்று தடவை, வருடத்துக்கு 156 தடவை போய்வரவேண்டிய இடம் அது. காலை ஷிஃப்ட் என்றால் முதல் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா, மாலை ஷிஃப்ட் என்றால் கடைசி பஸ் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

டயாலிசிஸுக்கோ மாற்று ஆபரேஷனுக்கோ ரயிலில் போனால் நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுன்டரில் கொடுக்கவேண்டும்.

மிஷினில் படுக்கும் நாள்

ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். முதல் சில தடவை நேரத்தைக் குறைத்துத்தான் ஆரம்பிப்பார்கள், தலைவலியும் வாந்தியும் வராமல் இருக்க. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனைகளை எடுத்த பிறகே மிஷினில் போடுவார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மறக்காமல் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ்காரர்களுக்கு வழக்கமான அளவைப்போல இரண்டு மடங்கு போடவேண்டும்.

போனதும் எடை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய தண்ணீர் எல்லாம் போன பிறகு நிற்கும் எடைக்கு ட்ரை வெயிட் என்று பெயர். அது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குள் ஏறினால் இறக்குவது சுலபம். நான்கு கிலோ ஏற்றிக்கொண்டு போனால் அதே நான்கு மணி நேரத்தில் அத்தனையும் இழுக்கவேண்டும். அப்போதுதான் பிபி சடாரென்று இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், வீடு திரும்பினால் பிணம் மாதிரி கிடப்பார்கள். "டயாலிசிஸ் ஒத்துக்கல" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒத்துக்கொள்ளாதது அந்த எடைதான் என்று நான் நினைக்கிறேன்.

டயாலிசிஸ் அன்று காலை பிபி மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர்கள் இன்சுலினையும் கேளுங்கள். சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆளை மயக்கிவிடும்.

ரத்தம் குறைந்தால் ரத்தம் ஏற்றச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். அடுத்தவர் ரத்தம் ஏற ஏற, உடம்பில் எதிர்ப்பொருள்கள் கூடும். நாளைக்குச் சிறுநீரகம் வைக்கும்போது பொருத்தம் கிடைப்பது கஷ்டமாகும். ரத்தத்தைக் கூட்டத்தான் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் இருக்கின்றன. எரித்ரோபாய்ட்டினை ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். பஸ்ஸில் கொண்டுபோவதானால் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க் தேவை.

தண்ணீர்

முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டரைக் கூட்டுங்கள். பொதுவாக அதுதான் இன்றைய மொத்தக் கணக்கு. உங்களுக்கான அளவை டாக்டர் உறுதிப்படுத்துவார். சிறுநீர் நன்றாகப் போகிறவர்கள் வீணாக நாக்கு வறளக் கிடக்க வேண்டாம்.

தண்ணீர் என்றால் சொம்பில் குடிப்பது மட்டும் இல்லை. காபி, மோர், ரசம், கஞ்சி, நீராகாரம் எல்லாம் தண்ணீர்தான். பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த ஊரில் இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவு தண்ணீரைப் பிடித்து வைப்பேன். அவர் ஒரு டம்ளர் காபி குடித்தால், பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். ரசம் ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டி. மத்தியானம் மூன்று மணிக்கு மீதி எவ்வளவு இருக்கிறது என்பது அவர் கண்ணுக்கே தெரியும். வாயால் சொல்லிச் சண்டை போட்டதைவிட அந்தப் பாட்டில் நன்றாக வேலை செய்தது.

அக்னி நட்சத்திரத்தில் என்ன செய்வது? சின்ன டம்ளருக்கு மாறுங்கள். வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், அதையும் கணக்கில் சேருங்கள். உண்மையில் தாகத்தைக் கிளப்புவது வெயிலைவிட உப்பு. ஊறுகாய், மோர்மிளகாய், வடகம், அப்பளம், நாகப்பட்டினத்துக் கருவாடு இவற்றை நிறுத்தாமல் தண்ணீரைக் குறைக்க முடியாது.

சாப்பாடு

காவிரிக்கரையில் எல்லோரும் நல்லது என்று நம்பும் பொருள்கள்தான் இந்த நோயில் முதல் ஆபத்து. வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்று கேள்விப்பட்டு, கிட்னிக்கே நல்லது என்று அரைத்துக் கொடுப்பார்கள். இளநீர் குளிர்ச்சி என்று சீவிக் கொடுப்பார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயம் துடிப்பதை நிறுத்திவிடலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராவூரணியிலிருந்து உறவுக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். பாசத்தில் ஒரு குலை இளநீர் கொண்டுவந்தார். நான் கொல்லையில் இருந்த நேரத்தில் என் கணவர் இரண்டைக் குடித்திருக்கிறார். சாயங்காலம் கட்டிலிலிருந்து எழுந்தவருக்குத் தொடைகள் தூக்கவில்லை, "கால் என்னுதாவே இல்ல" என்றார். ராத்திரி ஈசிஜி பார்த்த டாக்டர், காகிதத்தைக் கீழே வைக்காமலே ஊசி போடச் சொன்னார். நடு இரவில் டயாலிசிஸ் செய்தார்கள். பிழைத்தார்.

அன்றிலிருந்து வாசல் திண்ணையிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்: பழமும் வேண்டாம், இளநீரும் வேண்டாம், சும்மா வந்து பேசிவிட்டுப் போங்கள். கை கால் திடீரென்று சோர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, துடிப்பு மெதுவானாலோ அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

வாழைப்பழம், மாம்பழம், பலா, சப்போட்டா, சாத்துக்குடி, தேங்காய், உருளை, முருங்கைக்கீரை இதெல்லாம் பொட்டாசியம் கூடியவை. சுரைக்காய், புடலை, பீர்க்கு, கோவைக்காய், முட்டைகோஸ் பரவாயில்லை. எந்தக் காயானாலும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். ஆப்பிளோ பேரிக்காயோ ஒரு சின்னத் துண்டு சாப்பிடலாம். நட்சத்திரப் பழம் மட்டும் ஒரு கீற்றுகூட வேண்டாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது மூளையைப் பாதிக்கும் விஷம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் விற்பதையும் வாங்காதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள்.

இன்னொன்றை நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அதைக் கூட்டவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புரதம் வெளியே போய்விடுகிறது. எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், 1.2 கிராம் வரைக்கும் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். முட்டை வெள்ளைக்கருவும் நல்ல மீனும் நமக்குக் கைக்கெட்டும் வழி. பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு எலும்பும் தோலுமாகப் போனவர்களை யூனிட்டில் பார்த்திருக்கிறேன்.

ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறாமல் இருக்கத் தரும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போடவேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பயனில்லை. நடவு, அறுப்பு முடிந்து இடுப்புவலி என்று கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பற்பம், செந்தூரமும் மிச்சம் இருக்கும் சிறுநீரகத்தையும் தின்றுவிடும்.

அறுவடையும் புயலும்

"அறுப்பு முடியட்டும், ஒரு தடவை விட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி டயாலிசிஸுக்குப் போகாமல் விடுகிறவர்கள் அதிகம். வாரம் மூன்று தடவை என்றால் எப்படியும் ஒரு இடத்தில் இரண்டு நாள் இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் ஏற்கெனவே ஆபத்தானது. அதோடு ஒரு நாளையும் சேர்த்து விடாதீர்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம் பக்கம் சாலையெல்லாம் மரம், பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தவுடனே யூனிட்டுக்குப் போன் செய்து ஒரு நாள் முன்னதாக டயாலிசிஸ் கேளுங்கள். வர முடியாமல் மாட்டிக்கொண்டால், அந்த நாள்களில் தண்ணீரைப் பாதியாக்கி, பழம், காய், பருப்பை நிறுத்தி, வடித்த சோறும் முட்டை வெள்ளைக்கருவுமாக ஓட்டவேண்டும். பொட்டாசியத்தை இறக்கும் பொடியை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். ஃபைல், மாத்திரை, கார்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டித் தயாராக இருக்கட்டும்.

யூனிட்டே தூரமென்றால் வயிறு வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸான சிஏபிடியைப் பற்றிக் கேளுங்கள். வயிற்றில் ஒரு குழாய், இரண்டு லிட்டர் திரவப் பை, பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு தடவை மாற்றவேண்டும். தூசி இல்லாத ஒரு அறையும் கை கழுவும் ஒழுக்கமும் வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் வயிற்றுக்குள் கிருமி என்று அர்த்தம், உடனே ஓடவேண்டும்.

கொடுப்பவர்

இதைக் கடைசியில் எழுதினாலும் முதல் வாரத்திலேயே பேசுங்கள். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி கணவன், மனைவி, அப்பா, அம்மா, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் நெருங்கிய உறவு. 2011-இல் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். இவர்களைத் தவிர வேறு யார் கொடுத்தாலும் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். காசு கொடுத்து வாங்குவது குற்றம். டயாலிசிஸ் வாசலில் "ஏற்பாடு பண்ணித் தரேன்" என்று யாராவது வந்தால் பேச்சே கொடுக்காதீர்கள்.

வீட்டில் யாரும் பொருந்தவில்லை என்றால், மாற்று ஆபரேஷன் செய்ய உரிமம் உள்ள மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதியலாம். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் அந்த வரிசையில் வரும். வரிசை நீளமானது, அதனால் பதிவதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிந்த பிறகு போன் எப்போதும் சார்ஜில் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அப்போது 59 வயது. அவர் தானாக முன்வந்தார். ரத்த குரூப், இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச், இதயம், சர்க்கரை, இரண்டு சிறுநீரகமும் தனித்தனியாக எப்படி வேலை செய்கின்றன என்ற பரிசோதனை என்று இரண்டு மாதம் போனது. அப்புறம் மூன்று மாதம் காகிதத்தில் போனது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்துக்கூட்டு, மகனின் பள்ளிச் சான்றிதழில் அம்மா பெயரே இல்லை. இவர்தான் அம்மா என்று நிரூபிக்க ஒவ்வொரு மேஜையாக அலைந்தோம். டயாலிசிஸ் தொடங்கும் வாரமே கொடுக்கக்கூடிய எல்லோருடைய பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லா அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள்.

இன்னொன்றையும் மனதார எழுதுகிறேன். கொடுப்பவர் என்றதும் எல்லோரும் அம்மாவையும் மனைவியையும்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அண்ணன் தம்பிகளும் பரிசோதனைக்கு வரட்டும். நோயாளி பெண்ணாக இருந்தால் கணவரும் வரட்டும். ஒரு சிறுநீரகத்தோடு ஆரோக்கியமாக வாழலாம் என்று நன்றாகப் பரிசோதித்துத்தான் எடுக்கிறார்கள்.

புதுச் சிறுநீரகத்தை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைப்பார்கள், பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அது உழைக்கும் காலம் முழுக்க உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடவேண்டும். அதில் ஒன்றான டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில் போடவேண்டும், எங்கள் வீட்டில் காலை எட்டு, இரவு எட்டு. அந்த மாத்திரையோடு பம்பளிமாஸ் சாப்பிடக் கூடாது, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ரத்தத்தில் மருந்தளவு பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ள ஆரம்பிக்கலாம். காய்ச்சல், சிறுநீர் குறைவது, வைத்த இடத்தில் வலி மூன்றில் எது வந்தாலும் கூப்பிடுங்கள்.

முதல் ஆறு மாதம் மாட்டுக்கொட்டகை, சேறு, எரு எல்லாம் வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். சம்பா நடவை அவர் வரப்புக்கு வராமல், மாஸ்க் போட்டு ரோட்டோரம் நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்தார். சிறுநீரகம் கொடுத்தவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை பிபி, சிறுநீர், கிரியேட்டினின் பார்க்கவேண்டும். வாங்கியவரைக் கவனிக்கும் அவசரத்தில் இதை எல்லா வீட்டிலும் மறந்துவிடுகிறார்கள். அத்தையின் ஃபைலை நான் என் கணவருடைய ஃபைலோடு ஒரே பையில்தான் வைத்திருக்கிறேன். இவருக்கு செக்கப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறோம்.